அம்மா பெட்டியில் ஆறு தாயக்கொட்டை

காரிமங்கலத்தான் (இழையைத் தொடங்கியவர்)

அம்மா போய் ரெண்டு மாசம் ஆகுது. போன ஞாயிறு ஊருக்குப் போய் வீட்டை ஒதுங்க வெச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல. அஞ்சாறு புடவை, ஒரு ட்ரங்குப் பெட்டி, மகளிர் குழு பாஸ்புக் ரெண்டு, மூட்டு வலிக்கு வாங்கின தைலக் குப்பி மட்டும் பதினேழு. பெட்டிக்கு அடியில பழைய ரவிக்கைத் துணியில தைச்ச ஒரு சுருக்குப் பை. வெத்தலைப் பைன்னா அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவுத்துப் பாத்தா ஆறு புளியங்கொட்டை. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் கல்லுல தேய்ச்சு வெள்ளையாக்கினது. கூடவே உடைஞ்ச கண்ணாடி வளையல் துண்டுங்க, பச்சையில ஆறு, சிவப்புல ஆறு.

தாயக்கொட்டைன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. என் கேள்வி அது இல்ல. எங்கம்மா தாயம் ஆடி நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

எனக்குத் தெரிஞ்ச அம்மா புளி தட்டுற அம்மா. மாசி பொறந்தா எங்க தெருவே புளி வாசம்தான். வியாபாரி டெம்போவுல மூட்டைங்களை எறக்கிட்டுப் போவார். அம்மா திண்ணையில சாக்கை விரிச்சு, காலை நீட்டி, முன்னால ஒரு கருங்கல்லை வெச்சுக்கும். கையில இரும்புத் தடி. ஓட்டை உடைக்கணும், நாரை உருவணும், பழத்தைப் பிளந்து கொட்டையைத் தள்ளணும். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கண்ணு ரோட்டுல இருக்கும், தடி மட்டும் விரல் மேல விழாது. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. புளி தனியா, கொட்டை தனியா எடை போட்டுத் திருப்பணும். கொறைஞ்சா கூலியில பிடிப்பாங்க. அந்தக் கணக்குப்படி இந்த ஆறு கொட்டையும் வியாபாரிக்குத்தான் சொந்தம்!

விரல் இடுக்கெல்லாம் புளி ஏறிக் கறுத்துக் கெடக்கும். வெடிப்புல பட்டா எரியும்னு ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கிட்டுப் படுக்கும். அந்தக் கையாலதான் காலையில எனக்குத் தலை சீவும். ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்ற பையன், "டேய், உன் தலையில ஏன்டா ரசம் வாசம் வருது"ன்னு கேப்பான். எட்டாவது வந்ததும் நானே சீவிக்கிறேன்னுட்டேன். ஏன்னு அம்மா கேக்கல.

நாங்க கொட்டையை எடுத்து விளையாடினா, "எறைக்காதீங்கடா, எடைக்கு வேணும்"னு அதட்டும். அப்படி அதட்டின அம்மா எப்ப ஆடிச்சு, யாரோட ஆடிச்சு? அப்பா நான் ஏழாவது படிக்கிறப்பவே இறந்துட்டார். அக்காவைக் கேக்கலாம்னா, அம்மா பேச்சை எடுத்தாலே போன்ல அழுவுது. உங்க வீட்டுல இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கா?


மொரப்பூர் பாசஞ்சர்

ஆழ்ந்த இரங்கல் நண்பா. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்ணு முழிக்க எங்க தெருவுல தாயம் ஆடுவாங்க. சிவராத்திரி மாசியில வருது, புளி சீசனும் மாசிதான். அப்ப ஆடியிருக்கலாம்.

அப்புறம், ஆறு கொட்டையா? எங்க பக்கம் நாலுதான். எல்லாம் கறுப்பா விழுந்தா எட்டு.


அரூர் அக்கா

நாலு கொட்டைன்னா அது சின்னப் பசங்க ஆட்டம். ஆறு போட்டாத்தான் ஆட்டம். ஒரே ஒரு வெள்ளை விழுந்தா தாயம், எல்லாம் கறுப்புன்னா பன்னெண்டு. தாயம் விழுந்தாத்தான் காயை எறக்க முடியும், ஒருத்தரையாவது வெட்டினாத்தான் உள் கட்டத்துக்கே போக முடியும். எங்கம்மா முதல் தாயம் விழாம ஒரு மணி நேரம் உக்காந்திருக்கும், எழுந்திரிக்காது.

தம்பி, உங்க அம்மாவோட கையைப் படிச்சதும் எனக்கு எங்கம்மாவோட கால்தான் ஞாபகம் வந்துச்சு. களி கிண்டுறப்போ பாத்திருக்கீங்களா? நொய்யி வெந்ததும் கேவுரு மாவை மலை மாதிரி கொட்டி, நடுவுல துடுப்பால ஒரு குழி போட்டு, தண்ணி மேல கொதிச்சு வர்ற வரைக்கும் தொட மாட்டாங்க. அப்புறம் பானையை எறக்கித் தரையில வெச்சு, கவட்டைக் குச்சியைப் பானைக் கழுத்துல மாட்டி, அது ரெண்டு முனையையும் காலால மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் துடுப்பைச் சுத்துவாங்க. அந்த நேரம் எங்கம்மா முகத்தைப் பாத்தா யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கும். பாதி நாள் அது உண்மைதான்னு கல்யாணம் ஆனப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. மாமியாரைத் திட்ட முடியாததெல்லாம் களியில போயிடும். எங்க வீட்டுக் களியில ஒரு கட்டி இருக்காது!

எனக்கு இப்ப குக்கர்லயே களி வந்துடுது. நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லக் கூடாது.


நல்லம்பள்ளி கொத்தன்

ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அம்மா களி கிண்டுது, அம்மா புளி தட்டுது, நாம எல்லாம் போனைப் பாத்துக் கண் கலங்குறோம். அன்னிக்கு அந்தத் தடியை நாம யாராவது வாங்கித் தட்டினோமா?

எங்கம்மா பெங்களூருல சித்தாள். என்னைப் பாட்டிகிட்ட விட்டுட்டுப் போச்சு. எனக்கு எங்கம்மா சமையல் ஞாபகமே கிடையாது. பொங்கலுக்கு வரும், மாரியம்மன் பண்டிகைக்கு வரும். பேக்கரி பன்னு ஒரு பாக்கெட், எனக்கு ஒரு சைஸ் பெருசா சட்டை. மூணாம் நாள் விடிகாலை பஸ்ஸு. நான் கண்ணு முழிக்கறப்போ பாய்ல அது படுத்திருந்த இடம் மட்டும் இருக்கும். சொல்லாமப் போறாளேன்னு வருஷக்கணக்கா கோவம். பத்தாவது படிக்கிறப்போ பாட்டி சொல்லிச்சு, நான் நாலு வயசுல பஸ் பின்னாடி ஓடி ரோட்டுல விழுந்து மண்டையில தையல் போட்டாங்களாம். அதுக்கப்புறம்தான் தூங்கறப்போ கிளம்ப ஆரம்பிச்சதாம்.

எனக்கு அம்மா வாசனைன்னா சிமெண்டு. இதை வெச்சு என்ன இழை தொடங்கறது?


அரூர் அக்கா

தொடங்கிட்டீங்களே தம்பி.


காரிமங்கலத்தான்

கொத்தன், நீங்க சொல்றது சரிதான். தடியை நான் வாங்கினதில்ல. மூட்டையைத் தள்ளி வெச்சிட்டு அந்த இடத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கேன், அவ்வளவுதான்.

பாசஞ்சர், சிவராத்திரிக்கு எங்கம்மா கோயிலுக்குப் போகும், பன்னெண்டு மணிக்குள்ள வந்து படுத்துடும். காலையில புளி இருக்கே.

இன்னொண்ணு. எங்கம்மா சிரிக்கறப்போ முந்தானையால வாயை மூடிக்கும். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். கல்யாணப் போட்டோவுலயும் உதட்டை இறுக்கித்தான் நிக்குது. வெட்கம்னு நினைச்சிருந்தேன். தாயம் ஆடற பொம்பளைங்க போடற சத்தம் எனக்குத் தெரியும். எங்கம்மாவை அந்தக் கூட்டத்துல வெச்சுப் பாக்க முடியல.


தென்பெண்ணை

நான் குடிதண்ணி சம்பந்தப்பட்ட வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்க அம்மா எந்த ஊர்ல பொறந்தாங்க? பல்லுல காவிக் கறை இருந்துச்சா?


காரிமங்கலத்தான்

ஐயா, பென்னாகரம் பக்கம். ஆமா, கறை இருந்துச்சு. செங்கல்பொடி போட்டு வெளக்குனதாலன்னு அம்மா சொல்லும்.


தென்பெண்ணை

செங்கல்பொடி இல்ல தம்பி, தண்ணி. நம்ம தருமபுரி மாவட்டத்துல பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம்னு பல இடத்துல நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. அதைத் தாண்டின கிணறும் போர்வெல்லும் எத்தனையோ. பல் ஈறுக்குள்ள உருவாகிற வயசுல, ஏறக்குறைய எட்டு வயசுக்குள்ள, குடிச்ச தண்ணிதான் அந்தக் கறையைப் போடுது. அதனால உங்க அம்மா பல்லுல இருந்தது உங்க ஊர்த் தண்ணி இல்ல, அவங்க பொறந்த ஊர்த் தண்ணி. பதினேழு தைலக் குப்பின்னு எழுதினீங்க. வயசான காலத்துல மூட்டும் முதுகும் இறுகிப் போறதுக்கும் இதே தண்ணி காரணமா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன், நான் டாக்டர் இல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஊருக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கப் போனேன். ஒரு அம்மா, "சார், நான் நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் புள்ளைங்களுக்குக் கொடுக்கறேன்"னு பெருமையாச் சொன்னாங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அதோட அளவு கூடத்தான் செய்யும். அந்த அம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? சொல்லலை. பாட்டிலை நிரப்பிக்கிட்டு வந்துட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்தப்போ எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. அவங்க பிள்ளைங்க அதுக்குள்ள கல்யாணமே பண்ணியிருப்பாங்க.

இன்னொரு வேடிக்கை. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க பள்ளிக்கூடப் பசங்களுக்குப் புளி கொடுத்துப் பாத்தாங்க. சிறுநீர்ல ஃபுளோரைடு கூடுதலா வெளியே போகுதுன்னு 2002ல ஆய்வு வந்துச்சு.


நல்லம்பள்ளி கொத்தன்

நல்ல வேடிக்கைதான் ஐயா. தட்டின புளி அத்தனையும் வியாபாரி டெம்போவுல. வீட்டுல ரசத்துக்கு நெல்லிக்கா அளவு.


பாலக்கோடு தக்காளி

எங்கம்மா உயிரோடதான் இருக்கு. இந்த இழையைப் படிச்சிட்டு எழுந்து போய், "உனக்குத் தாயம் ஆடத் தெரியுமா"ன்னு கேட்டேன். "இப்ப எதுக்கு, போய்க் குளி"ன்னு சொல்லிடுச்சு. மேற்கொண்டு தகவல் வந்தா சொல்றேன்.


அரூர் அக்கா

காரிமங்கலம் தம்பி, முதல் பதிவை மறுபடி படிச்சேன். குழு பாஸ்புக் ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம்ம தருமபுரியிலதான் 1989ல மகளிர் குழுத் திட்டமே தொடங்கினாங்க, ஐ.நா. சபையோட விவசாய நிதியில கடன் வாங்கி. அப்ப கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004லதான் பிரிஞ்சுது. நானும் பின்னால ஒரு குழுவுல கணக்கு எழுதினேன். எங்க ஊர்ல குழு வந்த புதுசுல ஆம்பளைங்க கேலி பண்ணாத நாள் இல்ல. கைநாட்டு வெச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் விளக்கு வெளிச்சத்துல கையெழுத்துப் பழகினோம். பேரை எழுதறப்போ நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு எழுதும் ஒரு அக்கா.

ரகசியம் ஒண்ணு சொல்றேன். மீட்டிங்கு அரை மணி நேரம்தான். சந்தா வசூல், கடன் யாருக்கு, அடுத்த தவணை எப்ப. வீட்டுல ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டு வந்திருப்போம். "மீட்டிங்கு"ன்னு சொன்னா புருஷனும் கேக்க மாட்டான், மாமியாரும் கேக்காது, பேங்கு சமாச்சாரம் பாருங்க. மீதி ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணியிருப்போம்னு நினைக்கிறீங்க?

அக்காவுக்குப் போன் போடுங்க. அழுதா அழட்டும்.


காரிமங்கலத்தான்

போட்டேன். நேத்து ராத்திரி. முதல்ல அழுதுச்சு. நான் சுருக்குப் பைன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சில்ல. அப்புறம் சிரிச்சிடுச்சு.

"உனக்குத் தெரியாதாடா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீட்டிங்காம். எங்க வீட்டுத் திண்ணையிலதான். சந்தா எழுதி முடிச்சதும் மத்தவங்க போயிடுவாங்க, அம்மாவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் மட்டும் உக்காந்து ஆடுவாங்களாம். நாலேகால் பஸ் ஹார்ன் கேட்டா போதும், கொட்டையும் காயும் பைக்குள்ள, பை மடியில, புளித்தடி கையில. பஸ்ஸை விட்டு எறங்கி வர்ற நான் பாக்கிறது புளி தட்டுற அம்மா.

எனக்கு ஏன் சொல்லலன்னு கேட்டேன். "நீ பாத்தா நீயும் படிக்காம உக்காந்துக்குவேன்னு பயம். எங்கிட்ட மட்டும் என்ன, நான் பத்தாவதோட வீட்டுல நின்னதாலதான் எனக்குத் தெரியும்"னு அக்கா சொல்லிச்சு. அந்த ரெண்டாவது வரியை அது சாதாரணமாத்தான் சொல்லிச்சு. என்னை மட்டும் மேல படிக்க வெச்சாங்க.

பச்சை வளையல் அக்காவோட வளைகாப்புல உடைஞ்சது. அதுதான் அம்மாவோட காய். சிவப்பு பெரியம்மாவோடது. அம்மா சரியான அழுகுணி ஆட்டமாம். கேட்டது விழலேன்னா, "கொட்டை கல்லுல பட்டு உருண்டுச்சு, செல்லாது"ன்னு அள்ளி மறுபடி போடுமாம். பெரியம்மா காயை வெட்டிட்டா முந்தானை எங்க இருக்குன்னே தெரியாம, வாயைத் தெறந்து, தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி சிரிக்குமாம். அக்கா அதைப் போன்ல சிரிச்சுக் காட்டிச்சு. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்ல, அதனால சரியா இருந்துச்சான்னு சொல்லத் தெரியல.

கட்டம் எங்க போடுவாங்கன்னு கேட்டேன். சாக்பீஸா, கரியான்னு.

"திண்ணைக் கல்லுலதான். ஆணியால கீறியிருக்கும். மேல எப்பவும் புளிச் சாக்கு கெடக்கும், அதான் உன் கண்ணுல படல. நீதான் அதுமேல டைல்ஸ் ஒட்டிட்டியே."

ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ்ல செஞ்சது. கல் திண்ணை கரடுமுரடா இருக்கு, அம்மாவுக்குக் காலை நீட்ட வசதியா இருக்கட்டும்னு நானே கடைக்குப் போய் கிரீம் கலர்ல பூப்போட்டது வாங்கி வந்து ஒட்ட வெச்சேன். அம்மா சுத்தி வந்து பாத்துட்டு, "வழுக்குமேடா"ன்னு மட்டும் சொல்லிச்சு. அப்புறம் திண்ணையில உக்காரவே இல்ல, வாசப்படியில உக்காந்துக்கும். டைல்ஸ் சில்லுன்னு இருக்கறதால மூட்டுக்கு ஆகலைன்னு நினைச்சேன்.


மொரப்பூர் பாசஞ்சர்

இதைப் படிச்சிட்டு என்ன எழுதறதுன்னு தெரியல. ஆறு கொட்டைன்னே வெச்சுக்கலாம் நண்பா, நான் வாபஸ் வாங்கிக்கறேன்.


நல்லம்பள்ளி கொத்தன்

தலைவரே, டைல்ஸ் எடுத்துடலாம். நான் பன்னெண்டு வருஷமா இந்த வேலைதான்.

முதல்ல சொல்லுங்க, கல்லு மேல நேரா சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினாங்களா, கலவை போட்டு மட்டம் பண்ணி ஒட்டினாங்களா? கலவைன்னா உங்க அதிர்ஷ்டம், பாளமா வரும். ஒரு ரூபா காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாருங்க. பொள்ளல் சத்தம் வந்தா அடியில பிடிப்பு விட்டுப் போச்சுன்னு அர்த்தம். அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். ஜாயிண்டை அறுத்துட்டு, உளியைப் படுக்க வெச்சுத் தட்டணும். செங்குத்தா அடிச்சீங்கன்னா கருங்கல்லு செதில் செதிலாப் பேந்துடும், கீறலும் சேர்ந்து போயிடும். ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. கீறலுக்குள்ள ஏறின சிமெண்ட்டை ஊசியாலயும் பழைய பல் பிரஷ்ஷாலயும்தான் எடுக்கணும். நேரம் ஆகும்.

ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்ல. நல்லம்பள்ளியிலருந்து ஒரு மணி நேரம். ஊர்ப் பேரைத் தனிச்செய்தியில அனுப்புங்க. கூலி வேணாம், மத்தியானச் சாப்பாடு போதும். களி வேணாம்.


பாலக்கோடு தக்காளி

மேற்கொண்டு தகவல்: எங்கம்மாவுக்குத் தாயம் தெரியுமாம். என்னை ரெண்டு ஆட்டம் தோற்கடிச்சிட்டு இப்ப டீ போடப் போயிருக்கு.


காரிமங்கலத்தான்

ஞாயித்துக்கிழமை கொத்தன் வந்தார். சாமான் பையோட, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே. அக்காவும் வந்திருந்துச்சு. கலவை போட்டுத்தான் ஒட்டியிருந்தாங்க. மொத்தம் பதினாலு டைல்ஸ், மூணுதான் உடைஞ்சுது. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கல்லு தெரிஞ்சுது.

கட்டம் இருக்கு. ஏழுக்கு ஏழு. கோடு நேரா இல்ல, ஒரு பக்கம் வளைஞ்சு போகுது. காயை வெட்ட முடியாத மலைக் கட்டத்துல எல்லாம் பெருக்கல் குறி. அக்கா பல் பிரஷ்ஷை வாங்கிக்கிட்டு உக்காந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல. நான் ஊசியை வெச்சுக்கிட்டு மூலையிலருந்து வந்தேன். கொத்தன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, எங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா வேலை தெரியலைன்னு சொல்லி அவரும் உக்காந்துட்டார்.

கட்டத்துக்கு வெளிய, சுவரோரமா, சின்னச் சின்னதா குச்சிக் கோடு நெறைய இருக்கு. அஞ்சஞ்சாக் குறுக்கே வெட்டிப் போட்ட கோடு. ஜெயிச்ச கணக்கு. ரெண்டு வரிசை. ஒண்ணுல இருபத்து மூணு, இன்னொண்ணுல அம்பத்தொண்ணு.

எது யாருதுன்னு எதிர்வீட்டுப் பெரியம்மாவைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்து காட்டினோம். கண்ணு சரியாத் தெரியாது, விரலால தடவித் தடவிப் பாத்துச்சு. "அம்பத்தொண்ணு என்னோடது"ன்னு சொல்லிச்சு. அக்கா ஒத்துக்கவே இல்ல. அம்மா உக்கார்றது சுவர்ப் பக்கம், அந்தக் கைக்கு எட்டற இடத்துல இருக்கிறதுதான் அம்பத்தொண்ணுன்னு ஒரே வாக்குவாதம். பெரியம்மா கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. போறப்போ, "அந்தப் பையை எடுத்து வை, அடுத்த வாரம் ஆடிப் பாத்துடலாம்"னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போச்சு.


நல்லம்பள்ளி கொத்தன்

நேர்ல பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன். பெரியம்மாவும் அழுகுணிதான்.